டயருக்கு நைட்ரஜன்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

பெட்ரோல் பங்க்கில் ஒரு பக்கம் இலவசக் காற்று. பக்கத்திலேயே நைட்ரஜன் மெஷின், டயருக்கு இத்தனை ரூபாய் என்று எழுதி ஒட்டியிருக்கும். புது டயர் மாட்டும் கடையிலும் கடைசிக் கேள்வி இதுதான்: "நைட்ரஜன் போட்டுடலாமா சார்?" 2019 ஜூலையில் யமுனா விரைவுச்சாலை விபத்துகள் பற்றி மாநிலங்களவையில் பேச்சு வந்தபோது, ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டயர் ரப்பரில் சிலிக்கான் கலப்பதையும் சாதாரணக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவதையும் கட்டாயமாக்க அரசு யோசிப்பதாகச் சொன்னார். நாடாளுமன்றத்திலேயே பேசிவிட்டார்கள், அப்படியானால் காற்று அடித்த டயர் ஆபத்தா என்ற சந்தேகம் பலருக்கு இன்றும் தீரவில்லை.

நைட்ரஜனால் ஒரு நன்மை உண்டு. அதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது சின்ன நன்மை. அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் வாக்குறுதிகள்தான் பெரியவை: டயர் வெடிக்காது, சூடாகாது, மைலேஜ் கூடும், அடிக்கடி பார்க்கவே வேண்டாம். இந்தக் கடைசி வாக்குறுதி உயிருக்கு ஆபத்தானது. ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

சாதாரணக் காற்றில் இருப்பது என்ன?

நாம் மூச்சுவிடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். மீதியில் கார்பன் டை ஆக்சைடும் வேறு சில வாயுக்களும் மிகக் கொஞ்சம். இதோடு நீராவி, அதன் அளவு ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும்.

ஆக, இலவசக் காற்று அடித்த டயருக்குள்ளும் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்குவது புதிதாக ஒரு வாயுவை அல்ல. இருக்கிற காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஈரத்தையும் எடுத்துவிடும் வேலையைத்தான்.

பங்க்கில் இருக்கும் மெஷின் நைட்ரஜனைத் தானாக உண்டாக்குவதில்லை. கம்ப்ரசரிலிருந்து வரும் அதே காற்றைப் பிரிக்கிறது. ஒருவகை மெஷினில் முடி போன்ற நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் கட்டாக இருக்கும். காற்று குழாய்க்குள் ஓடும்போது ஆக்சிஜனும் நீராவியும் குழாயின் சுவர் வழியே சீக்கிரம் வெளியேறிவிடும். நைட்ரஜன் பெரும்பாலும் மறுமுனைக்கு வந்து சேரும். இன்னொரு வகையில், நுண்துளைகள் கொண்ட கரித்தூள் போன்ற பொருள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரஜன் தாண்டிப் போகும். எந்த வகையானாலும் முழுக்க முழுக்க நைட்ரஜன் கிடைக்காது. 95 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கணக்குக்கு வசதி. கீழே அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய தமிழ் அறிவியல் நூல்களில் நைட்ரஜனுக்கு வெடியம் என்றொரு பெயர் உண்டு. வெடியுப்பில் இருக்கும் தனிமம் என்பதால் வந்த பெயர் அது. வாயுவாக இருக்கும்போது நைட்ரஜன் எரியாது, எதையும் எரிய விடவும் செய்யாது. அந்தப் பெயரை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

கேஜ் காட்டாத ஒரு பங்கு

மேலே போகும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டயர் அழுத்தத்தை நம் ஊரில் பிஎஸ்ஐ கணக்கில் சொல்கிறோம்: ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்பது. கேஜில் 32 என்று காட்டினால், வெளிக்காற்றை விட 32 அதிகம் என்று பொருள். வெளிக்காற்றுக்கே கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ அழுத்தம் உண்டு. ஆகவே டயருக்குள் உண்மையான அழுத்தம் 46.7. வெளியே இருப்பதைப் போல 3.2 மடங்கு.

வால்வைத் திறந்து எல்லாக் காற்றையும் விட்டுவிட்டோம், கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்றாலும் டயர் காலியாகிவிடவில்லை. 14.7 பிஎஸ்ஐ அளவுக்குச் சாதாரணக் காற்று உள்ளேயே நிற்கிறது. கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

ரப்பர் வழியாகக் காற்று எப்படிப் போகிறது?

ஆணி குத்தாத, வால்வு நன்றாக இருக்கிற டயரிலும் காற்று இறங்கும். ரப்பரில் ஓட்டை இருப்பதால் அல்ல. வாயு ரப்பருக்குள் கரைந்து, மெல்ல ஊடுருவி, மறுபக்கம் வெளியே வருகிறது. டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் பூசியது போல இருக்கும் பியூட்டைல் ரப்பர் படலம் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. அந்தப் படலமும் முழுதாகத் தடுப்பதில்லை. அதன் வழியே ஆக்சிஜன், நைட்ரஜனை விட மூன்று நான்கு மடங்கு வேகமாகப் போகும். மெஷினுக்குள் நுண்குழாயில் நடக்கும் அதே காரியம் டயரிலும் மெதுவாக நடக்கிறது.

அப்படியானால் நைட்ரஜன் போட்டால் கசிவு மூன்றில் ஒரு பங்காகக் குறையுமா? குறையாது. ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவால் மட்டும் வரும் பங்கு, எங்கே அதிகமோ அங்கிருந்து குறைந்த பக்கம் போகும். வெளிக்காற்றின் அழுத்தத்தை 1 என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

1. சாதாரணக் காற்று அடித்த டயரில் நைட்ரஜனின் பங்கு உள்ளே 2.5, வெளியே 0.78. வித்தியாசம் சுமார் 1.7.

2. அதே டயரில் ஆக்சிஜன் உள்ளே 0.67, வெளியே 0.21. வித்தியாசம் 0.46. ஆனால் அது மூன்றரை மடங்கு வேகமாகப் போவதாக வைத்தால் 1.6 ஆகிறது. அளவில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கிற ஆக்சிஜன், கசிவில் ஏறக்குறைய பாதி. மொத்தக் கசிவு 3.3.

3. 95 விழுக்காடு நைட்ரஜன் நிரப்பிய டயரில் நைட்ரஜன் உள்ளே 3.04, வெளியே 0.78. வித்தியாசம் 2.26. அதாவது நைட்ரஜன் முன்பை விட அதிகமாகவே வெளியேறும்.

4. அதே டயரில் ஆக்சிஜன் உள்ளே 0.16, வெளியே 0.21. இங்கே ஆக்சிஜன் வெளியிலிருந்து உள்ளே வருகிறது! அந்த வரவைக் கழித்தால் மொத்தக் கசிவு 2.1.

3.3 எங்கே, 2.1 எங்கே. கசிவு 100-லிருந்து 63 ஆகக் குறைகிறது. உண்மையான நன்மை இதுதான்.

தாளில் போட்ட கணக்கு சாலையில் நிற்குமா? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் 2006-07-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. 31 மாடல் டயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டயருக்குக் காற்று, இன்னொன்றுக்கு நைட்ரஜன். எல்லாவற்றுக்கும் 30 பிஎஸ்ஐ வைத்து ஒரு வருடம் வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். காற்று டயர்கள் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன, நைட்ரஜன் டயர்கள் 2.2. இந்த 2.2-ஐ 3.5-ஆல் வகுத்தால் வருவதும் அதே 0.63.

இந்த முடிவை நைட்ரஜன் விற்பவரும் எடுத்துக்காட்டலாம், வேண்டாம் என்பவரும் எடுத்துக்காட்டலாம். கசிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்து வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐதான். அதற்கும் மேல், நம் சாலைகளில் டயர் இறங்குவதற்குப் பெரும் காரணம் ரப்பர் வழிக் கசிவு கிடையாது. தேய்ந்த வால்வு, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் படிந்த துரு, குழியில் விழுந்து லேசாக வளைந்த ரிம், கண்ணுக்குத் தெரியாத சின்ன ஆணி. இந்த வழிகளில் எல்லா வாயுவும் ஒரே வேகத்தில்தான் போகும்.

வெயிலில் காற்று விரியும், நைட்ரஜன் விரியாது என்பது

இது சரியில்லை. டயருக்குள் இருக்கும் அழுத்த அளவில் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் எல்லாமே சூட்டுக்கு ஒரே மாதிரிதான் விரியும். 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், ஓட்டத்தில் 60 டிகிரிக்குச் சூடானால் கேஜ் ஏறக்குறைய 36.6 காட்டும். உள்ளே உலர்ந்த காற்று இருந்தாலும் அதே எண், உலர்ந்த நைட்ரஜன் இருந்தாலும் அதே எண். ஆறரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

"உலர்ந்த" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. டயருக்குள் தண்ணீர் திரவமாகவே இருந்தால் கதை மாறும். சூடு ஏற ஏற அது ஆவியாகித் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். ஒரு கார் டயருக்குள் 60 டிகிரியில் நாலு கிராம் தண்ணீர் வரை ஆவியாக நிற்கும். ஒரு தேக்கரண்டிகூட இல்லாத அந்தத் தண்ணீரால் சுமார் 2 பிஎஸ்ஐ கூடுதலாக ஏறி, 36.6-க்குப் பதில் 39 அருகே போய் நிற்கும். பந்தயக் கார் அணிகள் ஈரமில்லாத வாயுவைத் தேடுவது இதனால்தான். அவர்களுக்கு அரை பிஎஸ்ஐ வித்தியாசமே வளைவில் காரின் பிடியை மாற்றிவிடும்.

இந்தத் தண்ணீர் டயருக்குள் எப்படி வருகிறது? காற்றை அழுக்கும்போது அதில் இருக்கும் ஈரம் கம்ப்ரசர் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அடியில் இருக்கும் வால்வைத் திறந்து அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். வடித்துவிட்டால் டயருக்குப் போகும் காற்று நாம் நினைப்பதை விடவே உலர்ந்தது. டேங்கில் 9 மடங்கு அழுத்தத்தில் இருக்கும் காற்று டயரில் 3.2 மடங்காக விரியும்போது, அதன் ஈரப்பதம் 35 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். சென்னையின் தெருக்காற்றை விட வறண்ட காற்று அது. வடிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டினால் குழாய் வழியே தண்ணீர்த் துளிகளும் சேர்ந்து வரும். குழாயின் முனையை உள்ளங்கையில் ஒரு நொடி அடித்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். கை நனைந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

ஊட்டிக்குக் காரில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சென்னையில் 35 டிகிரியில் 32 வைத்துக் கிளம்பி, ஊட்டியில் 12 டிகிரியில் காலையில் பார்த்தால் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும்தானே? குளிரால் மூன்றரை பிஎஸ்ஐ குறையும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் அதே மூன்றரை அளவுக்குக் குறைவு என்பதால் கேஜ் மறுபடியும் 32-ஐ ஒட்டியே காட்டும். நைட்ரஜன் போட்டவருக்கும் போடாதவருக்கும் இது பொது.

விமானத்தில் நைட்ரஜன் போடுகிறார்களே?

போடுகிறார்கள், அதற்கு மிக வலுவான காரணம் இருக்கிறது. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ நகரிலிருந்து கிளம்பிய மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் மலையில் விழுந்து, அதில் இருந்த 167 பேரும் இறந்தார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே மடக்கப்பட்டிருந்த சக்கரத்தின் டயர் பறக்கும்போதே வெடித்தது. எரிபொருள் குழாய்களும் ஹைட்ராலிக் குழாய்களும் அறுந்தன. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பப்பட்டிருந்தது.

அங்கே நடந்தது வெறும் அழுத்த வெடிப்பு அல்ல. கடும் சூட்டில் டயரின் உள் ரப்பரிலிருந்து எரியும் தன்மையுள்ள ஆவி கிளம்பும். அது உள்ளே இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தானாகவே தீப்பற்றி வெடிக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அந்தத் தீ பிடிக்காது. இதனால்தான் 34 டன்னுக்கு மேல் எடையோடு கிளம்பும் விமானங்களில், பிரேக் உள்ள சக்கரங்களின் டயருக்குள் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி சொல்கிறது. விமான டயரில் அழுத்தம் 200 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். தரையிறங்கும்போது பிரேக் நெருப்பாகும், மேலே பறக்கும்போது வெளியே உறைநிலைக்குப் பல டிகிரி கீழே குளிரும். உள்ளே ஈரம் இருந்தால் பனிக்கட்டியாகிவிடும்.

நம் கார் டயர் இந்த நிலைக்கு அருகில்கூடப் போவதில்லை. காரின் டயர் வெடிப்பதற்குக் காரணம் உள்ளே தீப்பிடிப்பது அல்ல. விமானத்தைக் காட்டிக் காருக்கு நைட்ரஜன் விற்பது, வேறொருவருடைய மருந்துச் சீட்டைக் காட்டி நமக்கு மருந்து கொடுப்பது போலத்தான்.

கார் டயர் ஏன் வெடிக்கிறது?

இந்த விஷயத்தில் மிக ஆழமாக வேரூன்றிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது: வெயிலில் காற்று விரிந்து, டயர் தாங்காமல் பலூன் போல வெடிக்கிறது என்பது. அதனாலேயே கோடையில் "ரெண்டு பாயிண்ட் குறைச்சே அடிப்பா" என்கிறோம். நடப்பது நேர் எதிர்.

சூட்டினால் ஐந்து பிஎஸ்ஐ ஏறுவது நல்ல டயருக்கு ஒன்றுமே இல்லை. பல கார் டயர்களின் பக்கச்சுவரிலேயே அதிகபட்ச அழுத்தம் 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கும். அது வெடிக்கும் அளவு கிடையாது. வெடிக்கும் அளவு அதற்கெல்லாம் வெகுதூரம் மேலே. டயரைக் கொல்வது குறைந்த காற்று:

1. காற்று குறைந்தால் டயரின் அடிப்பகுதி அதிகம் சப்பையாகும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர வேண்டும்.

2. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் நொடிக்கு 14 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை மடங்கல். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சுடுவது போல ரப்பரும் உள்ளுக்குள் சுடுகிறது.

3. சூட்டில், டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் படுகைக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள பிடிப்பு தளரும்.

4. ஒரு கட்டத்தில் படுகை பிரிந்து மேல்ரப்பர் உரிந்து வரும், அல்லது பக்கச்சுவர் கிழியும். வெளியில் கேட்பது ஒரு வெடிச் சத்தம்.

நகருக்குள் 40-ல் ஓட்டும்போது காற்று குறைந்த டயர் தாங்கிக்கொள்ளும். அதே டயரோடு ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக நாற்கரச் சாலையில் மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் மேலே சொன்ன நான்கும் வரிசையாக நடக்கும். விரைவுச்சாலைகளில் டயர் வெடிப்பு அதிகம் பேசப்படுவதற்கு இந்தத் தொடர் வேகமும் ஒரு காரணம்.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டியவை. மேல்ரப்பர் உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டயரின் தயாரிப்பிலும் குறை இருந்தது. அதோடு அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் வெறும் 26 பிஎஸ்ஐ என்பதும், விபத்துகள் வெயில் கொளுத்தும் தென் மாநிலங்களில் குவிந்திருந்ததும் பேசப்பட்டன. அதன் விளைவாக வந்த சட்டம் எதைக் கட்டாயமாக்கியது? நைட்ரஜனை அல்ல. டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை காட்டும் கருவியை.

நைட்ரஜன் டயருக்குள் போனதும் ரப்பர் மடங்குவது நிற்காது. சூடு பிறப்பது ரப்பரில். உள்ளே எந்த வாயு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 24-க்கு இறங்கிய நைட்ரஜன் டயரும் 24-க்கு இறங்கிய காற்று டயரும் ஒரே அளவு ஆபத்து.

மைலேஜ், எடை, ரிம்

நைட்ரஜன் காற்றை விட லேசானது என்பது உண்மை. எவ்வளவு? ஒரு கார் டயருக்குள் இருக்கும் மொத்தக் காற்றின் எடையே 110 கிராம் சுற்றி. அதைச் சுத்த நைட்ரஜனாக மாற்றினால் குறைவது நாலு கிராம்.

மைலேஜைப் பொறுத்தவரை, நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் 0.2 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்கிறது. ஒரு வருடக் கடைசியில் 1.3 பிஎஸ்ஐ மிச்சம் என்றால் மைலேஜில் தெரியவே தெரியாது. மாதாமாதம் காற்று பார்ப்பவருக்கு அந்த மிச்சமும் இல்லை.

ரிம் துருப்பிடிப்பது குறையும் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு, உள்ளே ஈரமே போகாத பட்சத்தில். ரிம்மின் வெளிப்பக்கம் எல்லா மழையிலும் நனைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பங்க்கில் அடிக்கும்போது உண்மையில் எவ்வளவு நைட்ரஜன் நிறைகிறது?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசு கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

டயரில் 28 பிஎஸ்ஐ சாதாரணக் காற்று இருக்கிறது. அதன் மேல் நாலு பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி 32 ஆக்குகிறார்கள், நைட்ரஜன் டயர் என்பதற்கு அடையாளமாக வால்வுக்குப் பச்சை மூடியும் போட்டுவிடுகிறார்கள். இப்போது உள்ளே நைட்ரஜன் எவ்வளவு? 79.5 விழுக்காடு. முன்பு 78. அவ்வளவுதான். காசு போனது, மூடியின் நிறம் மாறியது.

சரி, காற்றை முழுக்க இறக்கிவிட்டு அடித்தால்? கேஜ் பூஜ்யம் காட்டினாலும் 14.7 பிஎஸ்ஐ காற்று உள்ளே நிற்கிறது என்று முன்பே பார்த்தோம். 95 விழுக்காடு நைட்ரஜனை 32 வரை ஏற்றினால்:

1. முதல் தடவை இறக்கி ஏற்றியதும்: சுமார் 90 விழுக்காடு.
2. மறுபடி இறக்கி ஏற்றினால்: 93.
3. மூன்றாவது தடவை: 94.5.

ஒழுங்காகச் செய்ய இரண்டு தடவையாவது இறக்கி ஏற்ற வேண்டும். சில மெஷின்களில் இதைத் தானாகச் செய்யும் வசதி உண்டு. நான்கு டயருக்கும் சேர்த்து நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் நான்கு டயரும் முடிந்துவிட்டது என்றால், நடந்தது வெறும் டாப்-அப்.

நைட்ரஜன் டயரில் சாதாரணக் காற்று கலக்கலாமா?

கலக்கலாம். தாராளமாகக் கலக்கலாம். "கலந்தால் டயர் கெட்டுவிடும்", "மொத்தத்தையும் இறக்கிவிட்டுத்தான் அடிக்கணும்" என்று சொல்லப்படுவதைக் கேட்டு, இறங்கிய டயரோடு நைட்ரஜன் பங்க்கைத் தேடி முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வழியில் மூன்று இடத்தில் இலவசக் காற்று இருந்திருக்கும். அந்த முப்பது கிலோமீட்டர்தான் டயருக்கு உண்மையான கேடு.

95 விழுக்காடு நைட்ரஜன் உள்ள டயரில் மூன்று பிஎஸ்ஐ சாதாரணக் காற்று ஏற்றினால் உள்ளே 93.9 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும். எந்த வேதிவினையும் நடக்காது. இரண்டும் ஒரே காற்றின் பங்குகள்தானே.

பிரஷர் பார்க்கும் முறையும் இரண்டுக்கும் ஒன்றே. மாதம் ஒரு தடவை, நெடும்பயணத்துக்கு முன் கட்டாயமாக ஒரு தடவை. டயர் ஆறியிருக்க வேண்டும்: வண்டி மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் சரியான எண். முழு ஆட்களோடும் சுமையோடும் போகும்போது என்று அதிலேயே தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் அதை வைக்க வேண்டும். வழியில் நிறுத்திச் சூடான டயரில் 37 காட்டுகிறதே என்று காற்றை இறக்கவே கூடாது. ஆறியதும் அது 32-க்குக் கீழே போய்விடும், அப்புறம் அடுத்த நூறு கிலோமீட்டர் குறைந்த காற்றில் ஓட வேண்டியிருக்கும்.

யாருக்கு நைட்ரஜன் உதவும்?

லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிஜன் டயரின் உடலுக்குள் ஊடுருவிக்கொண்டே இருப்பதால் ரப்பர் வருடக்கணக்கில் இறுகி வலுவிழக்கிறது. டயர் எவ்வளவு சீக்கிரம் மூப்படையும் என்று சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் இதை வேகப்படுத்த, பாதி ஆக்சிஜனும் பாதி நைட்ரஜனும் கலந்த வாயுவை அடித்து டயரைச் சூட்டில் வைக்கின்றன. ரீட்ரெட் செய்து, அதாவது தேய்ந்த மேல்ரப்பருக்குப் பதில் புதிதாக ஒட்டி, ஒரே டயர் உடலை இரண்டு மூன்று ஆயுள் ஓட்டும் தொழிலில், உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருப்பது காசாக மாறலாம். கார் டயர் பெரும்பாலும் மூப்படையும் முன் தேய்ந்துவிடுகிறது.

வெளிநாட்டில் வேலை, வருடத்தில் பதினொரு மாதம் கார் ஷெட்டிலேயே நிற்கிறது என்பவர்களுக்கும் பயன் உண்டு. புது டயரோடு இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் காரணம் இல்லை.

காரில் நைட்ரஜன் மிகப் பொருந்தும் ஓர் இடம் உண்டென்றால் அது ஸ்டெப்னி. யாரும் எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு வருடம், இரண்டு வருடம் டிக்கியில் கிடப்பது அதுதான். மெதுவாகக் கசிவது அங்கேதான் உதவும். நைட்ரஜன் மெஷின் முன் நிற்பவர்கள் நான்கு டயருக்கும் காசு கொடுத்துவிட்டு அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். டிக்கியில் இருப்பது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வகைக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவை, பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். மற்ற நான்கோடு சேர்த்து அதற்கும் 32 அடித்து வைத்தால், பஞ்சராகி ரோட்டோரம் நிற்கிற நாளில் பாதிக் காற்றோடுதான் அது கைக்கு வரும்.